குளுக்கோஸ் பாட்டில் சாப்பாடு இல்லை: ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் உடம்பு கேட்பது என்ன

"சயாமா, காலையிலிருந்து மூணு பாட்டில் ஏறியிருக்கு. அப்புறம் எதுக்குச் சாப்பாடு?"

பர்மாவில் நர்ஸை 'சயாமா' என்றுதான் கூப்பிடுவார்கள். ரங்கூனில் அறுவைச் சிகிச்சை வார்டில் நர்ஸாக இருந்த வருஷங்களில் இந்தக் கேள்வியை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. பர்மியர்களும் கேட்பார்கள், நம் தமிழ் ஆட்களும் கேட்பார்கள். கேட்பவர்கள் படிக்காதவர்கள் என்று நினைக்காதீர்கள், கணக்குப் பிள்ளையும் கேட்டிருக்கிறார், பள்ளிக்கூட ஆசிரியையும் கேட்டிருக்கிறார். ஆபரேஷன் என்றால் டாக்டர் கை ராசி, நல்ல மருந்து, கடவுள் துணை, இந்த மூன்றோடு பேச்சு முடிந்துவிடுகிறது. சாப்பாடு என்று வந்தால் மட்டும் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். முட்டை கொடுக்காதே, சீழ் பிடிக்கும். மீன் கொடுக்காதே, அரிக்கும். கஞ்சித் தண்ணியோடு நிறுத்து, குடல் தாங்காது.

மோல்மீனிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறார். வயிற்றில் பெரிய ஆபரேஷன் முடிந்து ஒன்பதாவது நாள். மருமகள் டிபன் கேரியரைத் திறந்து வைத்தாள். மேலடுக்கில் கண்ணாடி மாதிரி கஞ்சி, நடு அடுக்கில் உப்பும் ஒரு துண்டு நார்த்தங்காயும், கீழடுக்கில் திரும்பவும் கஞ்சி. ஒன்பது நாளும் அதுதான். தையல் போட்ட இடம் ஓர் ஓரத்தில் விட்டுப்போய் ஈரமாகவே இருந்தது. கையைத் தூக்கினால் மேல்கைச் சதை துணி போலத் தொங்கியது. அந்த மருமகள் மாதிரி பொறுப்பாகப் பார்த்துக்கொண்டவர்களை நான் அதிகம் கண்டதில்லை, ராத்திரியெல்லாம் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தாள். அவளிடம் அக்கறைக்குக் குறைவில்லை. உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று அவளிடம் யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை, அவ்வளவுதான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கூரை போன வீடு

2008ல் நர்கிஸ் புயல் அடித்தபோது ரங்கூனிலும் டெல்டாவிலும் இருந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். கூரை போய்விட்டது. கடையில் தகரம் இல்லை, பலகை இல்லை, இருந்தாலும் விலை தொடமுடியாது. மழையோ நிற்கவில்லை. என்ன செய்தோம்? சமையல்கட்டுச் சுவரின் பலகையைக் கழற்றிக் கூரையில் அடித்தோம். கூரை ஒருவழியாக மூடியது, ஆனால் சமையல்கட்டு திறந்து கிடந்தது.

ஆபரேஷன் ஆன உடம்பும் இதையேதான் செய்கிறது. கத்தி பட்ட இடத்தை மூட வேண்டும், கிருமியை எதிர்க்கும் அணுக்களைப் புதிதாக உண்டாக்க வேண்டும். அதற்கு வேண்டிய முக்கியமான சாமான் புரதம், அதாவது சதை, தோல், ரத்த அணு எல்லாவற்றையும் கட்டுகிற சத்து. மாவுச்சத்தும் கொழுப்பும் அடுப்பெரிக்கும் விறகு என்றால், புரதம்தான் பலகை. வெளியிலிருந்து பலகை வரவில்லை என்றால் உடம்பு தன் சொந்தச் சதையைக் கழற்றும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சும்மா பட்டினி கிடந்தால் உடம்பு சில நாளில் சிக்கனத்துக்கு வந்துவிடும், கொழுப்பை எரித்துச் சதையைக் கொஞ்சம் காப்பாற்றும். காயம்பட்ட உடம்போ அப்படிச் சிக்கனம் பிடிக்காது. காயம் பட்டதும் சுரக்கிற அவசரகால ஹார்மோன்கள், அட்ரினலின், கார்ட்டிசால் போன்றவை, 'செலவைப் பார்க்காதே, முதலில் கூரையை மூடு' என்று விரட்டிக்கொண்டே இருக்கும். கிளாஸ்கோவில் டேவிட் கத்பர்ட்சன் என்ற ஆராய்ச்சியாளர் 1930களில், எலும்பு முறிந்து படுத்தவர்களின் சிறுநீரில் நைட்ரஜன் ஏராளமாக வெளியேறுவதைக் கண்டார். நைட்ரஜன் என்பது புரதம் கரைந்ததற்கான தடயம். அடிபட்டதோ காலில், கரைந்ததோ உடம்பு முழுவதும் உள்ள சதை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். ஒரு நாளில் 10 கிராம் நைட்ரஜன் போனால் அது சுமார் 62 கிராம் புரதம், ஏறக்குறைய 300 கிராம் சதை. நம் பஜார் கணக்கில் ஒரு பர்மிய வீசையில், அதாவது சுமார் 1.6 கிலோவில், ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. ஒரே நாளில்! கை கால் சதை மட்டும் கரைகிறது என்றால்கூடப் பரவாயில்லை, மூச்சு விட உதவும் சதையும் இருமிச் சளியைத் தள்ளும் சதையும் சேர்ந்தே கரைகின்றன. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தவர் பத்து நாள் கழித்துச் சளி கட்டி மூச்சுத் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதுவரை சொன்னதைச் சுருக்கமாகச் சொன்னால்: ஆபரேஷன் உடம்புக்கு ஒரு காயம். அதை ஆற்றப் புரதம் வேண்டும், சாப்பாட்டில் வராவிட்டால் உடம்பு தன் சதையிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

பாட்டிலில் என்ன இருக்கிறது?

சரி, அந்த மூன்று பாட்டிலுக்கு வருவோம். வார்டில் தொங்கும் சாதாரண 5 சதவீத குளுக்கோஸ் பாட்டில், 500 மில்லி. அதில் உள்ள சர்க்கரை 25 கிராம், அதன் சக்தி 100 கலோரிக்கு மேல் போகாது. மூன்று பாட்டிலும் ஏறினால் 300 கலோரி. புரதம் பூஜ்யம். சலைன் பாட்டில் என்றால் அது உப்புத் தண்ணீர், கலோரியே கிடையாது.

120 பவுண்ட் எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள், சுமார் 54 கிலோ. ஆபரேஷனுக்குப் பின் அவருக்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி வீதம் 1350 முதல் 1620 கலோரி வேண்டும். புரதம் கிலோவுக்கு சுமார் 1.5 கிராம், அதாவது 80 கிராம். மூன்று பாட்டில் கொடுப்பது அதில் எந்த மூலைக்கு?

பாட்டில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாயால் குடிக்க முடியாத நேரத்தில் தண்ணீரும் உப்பும் உள்ளே போக அதுதான் வழி, மருந்து ஏற்றவும் அதுதான் பாதை. ஆனால் அது தாகத்துக்கு, பசிக்கு இல்லை.

நரம்பு வழியாக, அதாவது ரத்தக்குழாய் வழியாக, முழுச் சாப்பாடே கொடுக்கும் முறையும் இருக்கிறது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஸ்டான்லி டட்ரிக் என்ற டாக்டர் 1960களில் நாய்க்குட்டிகளை நரம்பு வழி உணவை மட்டுமே கொடுத்து வளர்த்துக் காட்டினார், அதன்பிறகுதான் மனிதர்களுக்கு இந்த முறை பரவியது. புரதம், கொழுப்பு, சர்க்கரை, வைட்டமின், தாது உப்பு எல்லாம் கலந்த பை அது, கொழுப்பு சேர்ந்திருப்பதால் பெரும்பாலும் பால் போல வெள்ளையாக இருக்கும். இதயத்துக்கு அருகே போகும் பெரிய நரம்பில்தான் பொதுவாக ஏற்றுவார்கள், கிருமி புகும் ஆபத்தும் உண்டு. அதனால் குடல் வேலை செய்யாதவர்களுக்கு மட்டும்தான். குடல் வேலை செய்கிறது, வாயால் மட்டும் போதவில்லை என்றால் மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு உணவு கொடுப்பார்கள். இதைக் கேட்டதும் 'ஐயோ, குழாய் போட்டுட்டாங்களா, அப்ப முடிஞ்சுபோச்சா' என்று அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முடிந்துபோனவர்களுக்குப் போடும் குழாய் இல்லை அது, எழுந்து நடக்க வேண்டியவர்களுக்குப் போடுவது.

ஆபரேஷனுக்கு முன்னால்: லோஞ்சி (கைலி) முடிச்சைப் பாருங்கள்

எல்லோரும் ஆபரேஷனுக்குப் பிறகு என்ன கொடுக்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். முன்னால் என்ன என்று கேட்பவர் நூற்றில் ஒருவர் இருந்தால் அதிகம். உண்மையில் பாதி விஷயம் அங்கேதான் தீர்மானமாகிறது.

1936ல் கிளீவ்லாந்தில் ஹைரம் ஸ்டட்லி என்ற அறுவை மருத்துவர், வயிற்றுப்புண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார். ஆபரேஷனுக்கு முன்பே உடல் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் இழந்திருந்தவர்களில் மூன்றில் ஒருவர் இறந்திருந்தார். அதைவிடக் குறைவாக இழந்தவர்களில் நூற்றுக்கு மூன்று நான்கு பேர்தான். ஒரே மாதிரி நோய், ஒரே மாதிரி ஆபரேஷன். இன்றைய மயக்க மருந்தும் கிருமிக்கொல்லி மருந்தும் வந்த பிறகு அந்த எண்கள் மாறியிருக்கலாம், ஆனால் மெலிந்துபோய் மேஜையில் ஏறுகிறவருக்கு ஆபத்து அதிகம் என்பது மாறவில்லை.

எடை மெஷின் இல்லாத வீட்டில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? லோஞ்சி முடிச்சு முன்பைவிட அதிகமாகச் சுற்றிச் சொருக வேண்டியிருக்கிறதா, மோதிரம் கழன்று விழுகிறதா, ரவிக்கை தோளில் நிற்கவில்லையா, இவை போதும் எச்சரிக்கைக்கு. மெஷின் இருந்தால் இன்னும் நல்லது. ஆறு மாதத்துக்கு முன் 130 பவுண்ட் இருந்தவர் இப்போது 115 என்றால் 11 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. ஆறு மாதத்தில் 10 சதவீதத்துக்கு மேல் குறைவது கவலைப்பட வேண்டிய அளவு. இதை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள், அவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பெரிய ஆபரேஷன், ஆளும் மிகவும் மெலிந்திருக்கிறார் என்றால், தள்ளிப்போடக்கூடிய நிலையில் 7 முதல் 14 நாள் தள்ளி, அந்த நாட்களில் சத்தேற்றிவிட்டுச் செய்வதே நல்லது என்பது இன்று ஏற்கப்பட்ட வழிமுறை. 'நாள் குறித்தாச்சு, மாற்றினால் அபசகுனம்' என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

குண்டாக இருப்பவருக்கு இந்தப் பிரச்சினை இல்லை என்பதும் தவறு. கொழுப்பு நிறைய இருக்கும், சதை கரைந்திருக்கும். மூன்று மாதத்தில் 20 பவுண்ட் குறைந்த பெரிய உடம்புக்காரரை 'ஸ்லிம் ஆயிட்டாரு' என்று பாராட்டுவார்கள்.

ஒரு எச்சரிக்கையும் இங்கே சொல்லியாக வேண்டும். பல நாள் சரியாகச் சாப்பிடாமல் எலும்பும் தோலுமாக ஆனவருக்கு ஒரே நாளில் நிறையக் கொடுத்துவிடக் கூடாது. வருஷக்கணக்கில் மூடிக்கிடந்த அரிசி ஆலையில் முதல் நாளே நூறு மூட்டை நெல்லைக் கொட்டினால் பெல்ட் அறுந்துபோகும் இல்லையா, அதுபோல. மாவுச்சத்து திடீரென்று உள்ளே போனதும் இன்சுலின் எழும்பும், ரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாவற்றையும் அணுக்களுக்குள் இழுத்துக்கொள்ளும், ரத்தத்தில் அவை சடாரென்று இறங்கி இதயத் துடிப்பே தடுமாறும். இதற்கு மீளூட்டக் கோளாறு என்று பெயர். தயமின் என்ற பி1 வைட்டமினும் அப்போது தீர்ந்துபோகும். தீட்டிய வெள்ளரிசியே மூன்று வேளையும் சாப்பிடும் நம் நாட்டில் தயமின் ஏற்கெனவே குறைவாக இருப்பவர்கள் உண்டு, பெரிபெரி நோய் இங்கே புதிதல்ல. ஆகவே இப்படிப்பட்டவருக்கு டாக்டர் மேற்பார்வையில், தயமின் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும்.

சுருக்கம்: ஆபரேஷன் தேதி தெரிந்த நாளிலிருந்தே சாப்பாட்டைக் கவனியுங்கள். எடை இறங்கியிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மிகவும் மெலிந்தவருக்கு மெதுவாக.

'ராத்திரி 12க்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது'

இந்த விதி எங்கிருந்து வந்தது? மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் உள்ளது மேலேறி மூச்சுக்குழாயில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. சாதாரணமாகப் புரையேறினால் இருமித் தள்ளிவிடுவோம், மயக்கத்தில் இரும முடியாது. 1946ல் நியூயார்க்கில் மெண்டல்சன் என்ற மகப்பேறு மருத்துவர் இதைப் பற்றி விரிவாக எழுதினார். அதன்பிறகு 'எதுவுமே கூடாது' என்பது எல்லா இடத்திலும் வேரூன்றிவிட்டது.

ஆனால் தண்ணீரும் சோறும் வயிற்றில் ஒரே அளவு நேரம் தங்குவதில்லை. அதனால் இன்றைய பொதுவான வழிமுறை இப்படி: எண்ணெயும் கறியும் சேர்ந்த சாப்பாடு என்றால் 8 மணி நேரம் முன்பு நிறுத்த வேண்டும், லேசான சாப்பாடு என்றால் 6 மணி நேரம், தெளிந்த பானம் என்றால் 2 மணி நேரம். தெளிந்த பானம் என்பது பால், சக்கை, மாவு எதுவும் இல்லாதது. டீக்கடையில் மேஜைமேல் கெட்டிலில் வைத்திருப்பார்களே, அந்த வெறும் தேநீர் தெளிந்த பானம். அதே கடையின் பால் டீ தெளிந்த பானம் இல்லை, அது லேசான சாப்பாட்டுக் கணக்கில் சேரும். கரும்புச்சாறும் கூடாது.

இதை நீங்களாக முடிவு செய்யக் கூடாது. கர்ப்பிணி, நீண்டநாள் சர்க்கரை நோயாளி, குடல் அடைத்தவர், அவசர ஆபரேஷனுக்கு வந்தவர், இவர்களுக்கெல்லாம் வயிறு மெதுவாகக் காலியாகலாம், கணக்கு மாறும். மயக்க மருந்து டாக்டரிடம், "சாப்பாடு எத்தனை மணிக்கு நிறுத்தணும், தண்ணீர் எத்தனை மணிக்கு நிறுத்தணும்?" என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். பிற்பகல் 2 மணிக்கு ஆபரேஷன் இருக்கும்போது முந்தின ராத்திரி முதல் நாக்கு வறண்டு கிடந்த கிழவர்களைப் பார்த்து மனம் பதைத்திருக்கிறேன்.

ஆபரேஷனுக்குப் பின்: எப்போது வாய் திறப்பது?

முன்பெல்லாம் காற்றுப் பிரியும்வரை ஒன்றும் கொடுக்க மாட்டார்கள். குடலைத் தைத்திருக்கிறது, சாப்பாடு பட்டால் தையல் பிரியும் என்ற பயம். ஆனால் யோசித்துப் பாருங்கள், எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடல் நீர் என்று ஒரு நாளைக்கு சுமார் 7 லிட்டர் உடம்புக்குள்ளேயே ஊறிக் குடலுக்குள் ஓடுகிறது. சாப்பிடாமல் இருந்தால் தையல் உலர்ந்திருக்கும் என்பது நடக்காத காரியம். சிறுகுடல் ஆபரேஷன் முடிந்த சில மணி நேரத்திலேயே அசையத் தொடங்கிவிடும், பெருங்குடல்தான் இரண்டு மூன்று நாள் எடுக்கும். டென்மார்க்கில் ஹென்ரிக் கெஹ்லட் என்ற அறுவை மருத்துவர் 1990களில், சீக்கிரம் சாப்பிட வைத்து, சீக்கிரம் நடக்க வைத்து, வலியைச் சரியாகக் குறைத்தால் நோயாளிகள் வேகமாக வீடு திரும்புகிறார்கள் என்று காட்டினார். இன்று பெரும்பாலான ஆபரேஷன்களில் 24 மணி நேரத்துக்குள் வாயால் ஏதாவது கொடுக்கவே பார்க்கிறார்கள். உணவுக்குழாய் போன்ற சில இடங்களில் ஆபரேஷன் என்றால் காத்திருக்கச் சொல்வார்கள், அங்கே டாக்டர் சொல்வதுதான் முடிவு.

'சாப்பிடலாம்' என்று டாக்டர் சொன்ன பிறகும் வீட்டார் கொடுக்காமல் இருப்பதுதான் என் பெரிய ஆதங்கம்.

முட்டை சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்பது உண்மை இல்லை. சீழ் என்பது கிருமியும் அதோடு போராடிச் செத்த வெள்ளை அணுக்களும் சேர்ந்தது. கிருமி காயத்துக்கு வெளியிலிருந்தோ திறந்த குடலிலிருந்தோ வரும், வேகவைத்த முட்டையிலிருந்து வராது. எதிர்த்துப் போராடும் அந்த வெள்ளை அணுக்களை உண்டாக்கவே முட்டை போன்ற புரதம் வேண்டும். எப்போதுமே முட்டையோ மீனோ ஒத்துக்கொள்ளாதவர் விஷயம் வேறு, அவருக்கு என்றைக்கும் கொடுக்கக் கூடாது. நம் பத்தியத்தை நான் பழிக்கவில்லை, சூடாக, அன்றன்று சமைத்து, காரம் குறைத்துக் கொடு என்பதில் அனுபவ அறிவு இருக்கிறது. அது வேண்டாம், இது வேண்டாம், கடைசியில் கஞ்சி மட்டும் என்று குறுகிவிடும்போதுதான் கெடுதல். இங்கே பர்மியர் வீடுகளில் 'இதோடு அது சேராது' என்று உணவுகளை ஜோடி ஜோடியாகப் படம் போட்ட தாள் சுவரில் ஒட்டியிருக்கும், நம்மவர்கள் இரண்டு ஊர்ப் பத்தியத்தையும் சேர்த்துப் பிடிப்பதால் நோயாளிக்கு மிஞ்சுவது உப்பும் சோற்றுத் தண்ணீரும்தான்.

ஒரு கிண்ணம் கஞ்சியில் 50 கிராம் அரிசி போட்டால் புரதம் 3 அல்லது 4 கிராம். ஐந்து கிண்ணம் குடித்தாலும் 20 கிராம் தேறாது, வேண்டியதோ 80. ஆட்டுக்கால் சூப்பும் அப்படித்தான், தெளிந்த நீரில் இறங்குவது கொஞ்சம்தான், சத்து சதையில் இருக்கிறது, சதையைத் தூக்கி வைத்துவிட்டுச் சாற்றை மட்டும் கொடுக்கிறோம். மால்ட் பவுடர் பானங்களில் பெரும்பகுதி மாவும் சர்க்கரையும்.

80 கிராம் எட்டுவது பணக்காரர் காரியமும் இல்லை. காலையில் இரண்டு முட்டை 12 கிராம், கூடவே டீக்கடை நான் ரொட்டிக்கு வைப்பார்களே அந்த அவித்த பட்டாணி ஒரு கப், அதில் 10 கிராமுக்கு மேல். மதியம் உள்ளங்கை அளவு மீன் 20 கிராம், கெட்டிப் பருப்பு ஒரு கிண்ணம் 10 கிராம். நாலு மணிக்கு ஒரு டம்ளர் பால், ஒரு பிடி வறுத்த வேர்க்கடலை, இரண்டும் சேர்ந்து 14. இரவில் கொஞ்சம் கோழி அல்லது பருப்பு. சைவம் என்றால் பருப்பு, பட்டாணி, தயிர், கடலை மாவில் செய்யும் ஷான் தோஃபு என்று கூட்டிக்கொள்ளுங்கள். மெல்ல முடியாதவருக்குக் கஞ்சியே கொடுங்கள், அதில் முட்டையை அடித்து ஊற்றி வேகவிடுங்கள், முள் எடுத்த விராலை உதிர்த்துப் போடுங்கள், பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துக் கலந்துவிடுங்கள். சிறுநீரகம் பழுதானவருக்கு மட்டும் புரத அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயாளிகள் பயந்துபோய்ச் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். ரத்தச் சர்க்கரை ஏறினால் காயம் ஆறாது என்பது சரிதான், ஆனால் குறைக்க வேண்டியது கஞ்சியையும் சர்க்கரைப் பானத்தையும், முட்டையையும் மீனையும் அல்ல.

அல்புமின் பற்றியும் ஒரு வார்த்தை. ரத்தத்தில் மிதக்கும் ஒரு புரதம் அது. 'அல்புமின் குறைவு, முட்டை வெள்ளை கொடுங்க' என்று சொல்லாத ஆள் இல்லை. உடம்பில் காயமோ கிருமித் தொற்றோ இருந்தாலே அல்புமின் இறங்கிவிடும், நன்றாகச் சாப்பிடுகிறவருக்கும் இறங்கும். முட்டை கொடுங்கள், நல்லது. ஆனால் மறுநாளே அந்த எண் ஏறவில்லை என்று மனம் உடைய வேண்டாம், நோயாளி எவ்வளவு சாப்பிட்டார், எழுந்து நடந்தாரா என்று பாருங்கள்.

சுருக்கம்: டாக்டர் சொன்னதும் சாப்பிடத் தொடங்கலாம். கஞ்சி தப்பில்லை, வெறும் கஞ்சிதான் தப்பு.

வீட்டுக்கு வந்த பிறகு

சதை கரைவது சில நாள், திரும்ப ஏறுவது பல வாரம். வாய்க்கு ருசி இருக்காது, இரண்டு வாயிலேயே வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். மூன்று வேளை தட்டு நிறைய வைத்து மிரட்டாமல், ஆறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். தட்டில் முட்டையையும் மீனையும் முதலில் சாப்பிட வையுங்கள், சோறு கடைசியில், அப்போதுதான் பாதியில் எழுந்தாலும் வேண்டியது உள்ளே போயிருக்கும். அப்புறம், நடக்க வையுங்கள். சும்மா படுத்திருப்பவருக்குச் சாப்பிட்ட புரதம் சதையாக ஏறுவது கஷ்டம், வீட்டு வாசல்வரை போய் வந்தாலும் போதும்.

அந்த மோல்மீன் அம்மாவின் மருமகளுக்கு இதையெல்லாம் நான் அரை மணி நேரத்தில் கேரியரின் மூன்று அடுக்கைக் காட்டித்தான் சொன்னேன். மறுநாள் மேலடுக்கில் கஞ்சிதான் இருந்தது, ஆனால் முட்டை கலந்து மஞ்சளாக. நடு அடுக்கில் விரால். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "டாக்டரே சொல்லிட்டாராம் அத்தை" என்று அவள் ஒரு பொய்யைச் சொல்லி ஊட்டினாள், பிறகு நானே டாக்டரை வந்து சொல்லச் சொன்னேன்.

வாரம் ஒருமுறை, அதே மெஷினில், காலையில் சாப்பிடும் முன் எடை பாருங்கள். தொடர்ந்து இரண்டு வாரம் இறங்கினாலோ, வழக்கமாகச் சாப்பிடுவதில் பாதிகூட நாலைந்து நாளாக இறங்கவில்லை என்றாலோ, காயத்தில் நீர் கசிந்தாலோ, மறுபரிசோதனைத் தேதிவரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். பவுண்ட் குறித்து வைத்த தாளையும், நேற்று என்னென்ன சாப்பிட்டார் என்று எழுதிய தாளையும் கையோடு எடுத்துப் போங்கள்.